சிவப்பு சிவப்பாகவே, நீலம் நீலமாகவே

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பெட்டிச் செய்தியிலிருந்து பிறந்தது. 1998-இல் சின்னாளப்பட்டிப் பகுதி நிருபராக இருந்தபோது நானே எழுதியது: ‘பள்ளி ஆசிரியர் யோசனையால் சுத்தமானது சாயப்பட்டறைக் கழிவுநீர்.’ மொத்தம் பதினோரு வரி. அதில் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. பாராட்டி இரண்டு கடிதங்கள் வந்தன.

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

‘சிறுமலை மேல் மேகங்கள் தவழ்ந்த அந்த இளங்காலையில் மாயக்காள்...’

(வேண்டாம். மாயக்காள் மேகத்தைப் பார்த்தால் அது மழை வருமா என்றுதான் இருக்கும்.)

‘அமிலமும் காரமும் சேர்ந்தால்...’

(இதுவும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் இந்த இடத்தில்தான் நீங்கள் தூங்கிப்போனீர்கள்.)

2

மாயக்காளுக்கு அறுபது சென்ட்டில் மல்லிகைத் தோட்டம், ஒரு கிணறு. வரப்பை ஒட்டி ஆனந்த்ராஜின் சாயப்பட்டறை. நூலை வெளுக்கக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்த தண்ணீர் அவள் தோட்டத்தோரம், கிணற்றை ஒட்டி வாய்க்காலாக ஓடியது. அவள் உள்ளூர்ப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் ஸ்டான்லியிடம் போனாள்.

“மஞ்சத் தேச்ச காலோட வாய்க்கால்ல எறங்குனா ஆலாத்தித் தண்ணியாட்டம் செவக்குது சார். சுண்ணாம்பு யாரு கலந்தா?”

ஸ்டான்லி மகிழ்ந்துபோனார். பதினெட்டு வருடப் பணியில் அவரிடம் வந்த முதல் நல்ல கேள்வி அதுதான். சிவப்பு லிட்மஸ் தாளை வாய்க்காலில் நனைத்தார். நீலமானது. காரம். நேராக ஆனந்த்ராஜிடம் போய், “ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்துங்க. ரெண்டு தாளும் நிறம் மாறாம இருக்கணும், அம்புட்டுதான்” என்றார்.

“கக்கூசு கழுவுற ஆசிட்டா சார்? இதுக்கா நாலு ஆபீசர் வந்து மெரட்டிட்டுப் போனாய்ங்க!”

அப்படியே ஊற்றினார்கள். சிவப்புத் தாள் சிவப்பாகவே இருந்தது. நீலத் தாள் நீலமாகவே இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பாராட்டினார். ஆனந்த்ராஜ் ஸ்டான்லிக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் குறிப்பெடுத்தேன், பஜ்ஜியும் சாப்பிட்டேன்.*

* பஜ்ஜி நன்றாக இருந்தது. நிருபர் என்ற முறையில் நான் தீரச் சோதித்தது அதை மட்டும்தான்.

3

இங்கே ஒரு சிக்கல். ஸ்டான்லியைக் கெட்டவனாக்கிவிட்டால் கதை சுலபமாக ஓடும். ‘ஆனந்த்ராஜ் நீட்டிய கவரை ஸ்டான்லி...’ என்று எழுதிப் பார்த்தேன். மனிதர் கவரை வாங்கவில்லை. மூன்று முறை மாற்றி எழுதியும் வாங்கவில்லை. அவர் வாங்கியது பொன்னாடை ஒன்றுதான். நல்ல மனதோடு, சரியான பாடத்தைச் சரியாகச் சொன்னவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

4

அடுத்த ஆண்டு மல்லிகை இலைகள் ஓரம் கருகின. மொட்டு வைக்கவில்லை. மாயக்காள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். கிணற்று நீர் நடுநிலையில் உள்ளது என்று பதில் வந்தது. ஆதாரமாக ஒரு பத்திரிகை நறுக்கின் நகலை இணைத்திருந்தார்கள். பதினோரு வரி.

அவள் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு ஸ்டான்லியின் ஆய்வகத்துக்கு வந்தாள். அவர் இரண்டு தாளையும் நனைத்துக் காட்டினார்.

“பாரும்மா. ரெண்டும் மாறல. தண்ணி நல்லாத்தான் இருக்கு.”

“தாளு நல்லாருக்கு சார். செடியில்ல செத்துப்போச்சு. ஒரு சொட்டு வாயில வச்சுப் பாருங்க.”

ஸ்டான்லி ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. கரும்பலகையில் காலை வகுப்புக்கு அவரே எழுதியது அழியாமல் இருந்தது: அமிலம் + காரம் → உப்பு + நீர். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் கிடைப்பது சமையல் உப்பு. வருடாவருடம் தேர்வில் வரும் கேள்வி. நீர் வாய்க்காலில் போனது. உப்பு எங்கே போகும் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. லிட்மஸ் தாளுக்கு உப்பு தெரியாது.

 பெட்டிச் செய்திக்கும் தெரியாது.

“அப்ப நம்ம ஊத்துன ஆசிட்டு...” என்றார் ஸ்டான்லி.

“அதத்தான் சார் திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல வந்து சொல்லணும். நாஞ் சொன்னா, கூறுகெட்ட பொம்பளன்னு மனுவ மடிச்சு வச்சுருவாய்ங்க. நீங்க சொன்னா எழுதுவாக. இந்தப் பட்டத்துக்கும் பூ இல்லேன்னா நெலத்த விக்கணும், ஆனந்த்ராசே கேக்குறாரு, பட்டறைய நீட்டிக்கட்ட.”

ஸ்டான்லி தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது எனக்கே தெரியவில்லை. ஆனந்த்ராஜ் அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழு உறுப்பினர் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேலே இருக்கிற பொன்னாடையின் அழகு கெட்டுவிடும் என்று தள்ளிவைத்திருந்தேன்.

5

முடிவுகள், கைவசம் இருப்பவை:

அ) ஆனந்த்ராஜ் அந்தக் கிணற்று நீரைக் கூட்டத்தின் முன்னால் குடிக்க மறுத்து மாட்டிக்கொள்கிறார். (திரையரங்கில் பார்த்திருப்பீர்கள். நிஜத்தில் அவர் மோர் கேட்டு வாங்கிக் குடிப்பார்.)

ஆ) ஸ்டான்லிக்கு ஞாயிறன்று காய்ச்சல் வருகிறது. (நம்பும்படியாக இருப்பதால் எனக்குப் பிடிக்கவில்லை.)

இ) பத்திரிகையாளர் ஒருவர் மறுப்புச் செய்தி எழுதுகிறார், அதைப் படித்த... (அடித்துவிடுங்கள். அவர் எழுதவில்லை. அதற்குள் ஒட்டன்சத்திரத்துக்கு மாறுதலாகிக் காய்கறி விலை எழுதிக்கொண்டிருந்தார்.)

6

திங்கட்கிழமை காலை, திண்டுக்கல் பேருந்து. மாயக்காள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பாட்டிலை வைத்துப் பிடித்திருக்கிறாள். ஸ்டான்லி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பாடப்புத்தகம், ஒரு கால் படிக்கட்டில். எதிர்க் கடையில் ஆனந்த்ராஜ் டீ கிளாசை உயர்த்திச் சிரிக்கிறார்.

“என்ன சார், லீவா?”

மாயக்காள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “இடம் போட்ருக்கேன், வாங்க சார்.”

அந்த இன்னொரு கால் எனக்கு எழுத வரவில்லை. தூக்கி மேலே வைத்தால் நான் செய்யாததை அவரைச் செய்யவைக்கிறேன். கீழே இறக்கினால் எனக்குத் துணை தேடிக்கொள்கிறேன். இரண்டும் யோக்கியமில்லை. ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நடத்துநர் விசிலை வாயருகில் கொண்டுபோய்விட்டார்.

“ஏறுனா ஏறுங்க சார், இல்லேன்னா வழிய விடுங்க.”