ஊஞ்சல் கொக்கியில் எஞ்சின்

என் கணவர் சேஷாத்ரி துறைமுகக் கணக்கு இலாகாவிலிருந்து ரிடையர் ஆகும்வரை பேனாவைத் தவிர வேறு ஆயுதம் எடுத்தவரில்லை. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட நான்தான் ஸ்டூலில் ஏறுவேன். அப்பேர்ப்பட்டவர் போன தை மாதம் ஒரு காலையில், எங்கள் கல்கத்தா பாலிகஞ்ச் வீட்டு முன்னறையில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சினைத் தானே பிரித்துத் தானே பூட்டப்போவதாக அறிவித்தார். என் மாமனார் ஆசையாக வாங்கிய மார்க் டூ வண்டி. பட்டறைக்காரர்களிடம் விட்டால் நல்ல சாமானையெல்லாம் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டி அனுப்புவார்களாம். மொபைலில் ஒரு வெள்ளைக்காரன் ஒவ்வொன்றாகக் காட்டித்தருகிறானாம், பார்த்தாலே வந்துவிடுமாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இந்த வீட்டில் எனக்குக் கருநாக்கு என்று பேர்.

கல்யாணமாகி வந்த புதிதில், கூடத்துக் கண்ணாடி அலமாரியைப் பார்த்து, இது சாய்கிறதே, விழுந்துவிடப்போகிறது என்றேன். அந்த வாரமே விழுந்தது. பாசி பிடித்த படியில் கால் வைக்காதீர்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். வைத்தார், விழுந்தார், இடுப்பெலும்பு போயிற்று. அதோடு முத்திரை குத்திவிட்டார்கள். அலமாரிக் கால் உளுத்திருந்ததைப் பற்றியோ படியில் பாசி இருந்ததைப் பற்றியோ ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நான் சொன்னேன், அதனால் விழுந்தது. கண்ணால் பார்த்ததைச் சொன்னவளுக்கு நாக்கில் பழி. அதற்கப்புறம் கல்யாணமோ பரீட்சையோ பிரயாணமோ, எதற்குக் கிளம்பினாலும் முதலில் என்னை வாயை மூடச் சொல்வார்கள். பாதி கேலி, பாதி நிஜம். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்த அசட்டுத்தனத்தில் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை.

கார் நிற்கும் முன்னறை, அந்தக் காலத்தில் வீட்டுக்காரர்கள் குதிரை வண்டி நிறுத்தக் கட்டியது. உயரமான கூரை, குறுக்கே பெரிய பெரிய மர உத்தரங்கள். நாங்கள் குடிவந்தபோது மாமனார் செய்த முதல் காரியம், நடு உத்தரத்தில் இரும்புக் கொக்கிகளை அடித்து ஊஞ்சல் மாட்டியதுதான். குடும்பத்துக் கல்யாணங்கள் அத்தனைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் ஆடினார்கள். பிற்பாடு தெருவில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போய், ஊஞ்சல் பலகை பரணுக்கு ஏறியது, கார் உள்ளே வந்தது. கொக்கிகள் மட்டும் அங்கேயே இருந்தன.

எஞ்சினை வண்டியிலிருந்து தூக்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும் என்று ஹரீஷ் சொன்னான். ஹரீஷ் என் கணவரின் அண்ணா திருவேங்கடத்தின் ஒரே பிள்ளை. நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே வானத்தை முட்டும் ஒரு கட்டடத்தில் குடித்தனம். அப்பா கூட வந்து இருக்கமாட்டேன் என்று டாக்குரியாவில் தனியாக இருக்கிறார். அதனால் ஞாயிறு காலை அப்பாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து சித்தப்பாவுக்குக் கூட மாட நிற்பான்.

ஸ்டாண்டெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டு என் கணவர் அண்ணாந்து பார்த்தார்.

"நாலு பேர் உக்காந்து ஆடின கொக்கிடா இது. ஒரு எஞ்சினைத் தாங்காதா?"

ஹரீஷ் சிரித்தான். அவன் கல்யாணத்தில் இரண்டு அத்தைமாரும் ஏறி உட்கார்ந்து, அப்படியும் தாங்கிய கொக்கி. எங்கள் மனிதர்களிடம் ஊஞ்சல் கொக்கியைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினால், அதில் ஆடிய தம்பதிகளையெல்லாம் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். செயின் புல்லியைக் கொக்கியில் மாட்டி எஞ்சினை மேலே தூக்கினார்கள். அது ஆடி ஆடி மேலே வந்தபோது என் தலையில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. கொக்கி இருக்கட்டும், உத்தரம் எப்படி இருக்கிறதோ என்று ஆரம்பித்தேன்.

"வத்சு, நல்ல காரியம் நடக்கறது, வாயை வைக்காதே" என்றார்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் பத்திரமாக மேஜையில் இறங்கியது.

அப்புறம் வீடே மண்ணெண்ணெய் வாடையில் மிதந்தது. வால்வுகளை வரிசை மாறாமல் வைக்க என் இட்லித் தட்டு போயிற்று. போல்ட்டுகளைக் கழுவ மாவு சல்லடை போயிற்று. எஞ்சின் பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பித் துளைகளைச் சீராக்கி வந்ததும், புது பிஸ்டன்களைப் பெருமாள் சன்னதியில் வைத்துக் குங்குமம் இட்டுத்தான் உள்ளே விட்டார். முதல் தடவை பிஸ்டன் ரிங்கை அதிகமாக விரித்து உடைத்துவிட்டார். நான் அப்போது காபியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை. ஆனாலும் திரும்பி என்னைத்தான் பார்த்தார். எஞ்சின் திரும்ப வண்டிக்குள் உட்காரும்வரை அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை நான் சொல்லக் கூடாது என்று அன்றைக்குக் கட்டளை போட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கை நிறைய கிரீஸும் நெற்றியில் வியர்வையுமாக அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. மாடியைப் பூட்டிக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார். வீடு தானாகவே விழுந்தால் ஃபிளாட் கட்டும் ப்ரொமோட்டரிடம் கொடுக்கச் சௌகரியம் என்று காத்திருக்கிறார் போல, மேலே எதையும் ரிப்பேர் செய்வதில்லை. மொட்டை மாடித் தண்ணீர் முன்னறைச் சுவரில் இறங்கியது. ஈரக்கறை நாளுக்கு நாள் அகன்று, நடு உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தொட்டது. அதற்கு நேர் கீழே தரையில் பழுப்பாகப் பொடி விழ ஆரம்பித்தது. பெருக்கினால் மறுநாள் மறுபடி இருக்கும். ஒட்டடைக் கம்பால் மற்ற உத்தரங்களைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாகச் சத்தம் வந்தது. நடு உத்தரத்தின் சுவரோரம் தட்டினேன், காலி டின்னைத் தட்டிய சத்தம்.

வாயால்தானே சொல்லக் கூடாது? அந்தப் பொடியை ஒரு கிண்ணத்தில் அள்ளி அவர் காபி டபராவுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தார். கல்கத்தாவில் பழைய வீடு என்று இருந்தால் இதெல்லாம் கொட்டத்தான் செய்யும் என்றார். கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, இதுவும் சொன்ன கணக்குதான் என்றார். ஹரீஷைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மொபைல் வெளிச்சத்தை மேலே அடித்தான். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. சித்தப்பா காதில் இதைப் போடாதீர்கள், மூட் அவுட் ஆகிவிடுவார் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனான். படித்த பிள்ளை.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் கழுத்து தானாக மேலே திரும்பும். சமையல் செய்யும்போதும் காது முன்னறையில்தான் இருக்கும். இரண்டு பேரில் ஒருத்தரை நான் இழக்கப்போகிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. மனசுக்குள் நினைத்தாலும் பலிக்குமோ என்று ஒரு தடவை தோன்றியது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

துர்கா பூஜைக்கு முந்தின ஞாயிறு. தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதி பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்பது என் கணவரின் திட்டம். அதனால் அன்றைக்கு எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். பச்சைப் பெயின்ட் அடித்து, புது எண்ணெய் ஊற்றி, எஞ்சின் தயாராக இருந்தது. ராகுகாலத்துக்கு முன்பே செயினை மாட்டினார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகச் சொன்னார், போகவில்லை.

எஞ்சின் மேலே ஏறி, வண்டியின் முன்பக்கத்துக்கு மேல் வந்து, மெதுவாக இறங்கியது. பாதியில் நின்றது. பின்னால் இருக்கும் கியர் பாக்ஸின் தண்டு அதற்குள் நுழைய வேண்டும். நுழையவில்லை. ஹரீஷ் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். அவன் முகம் சரியாக எஞ்சினுக்குக் கீழே இருந்தது. என் கணவர் பானெட்டுக்குள் தலையையும் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, அந்தரத்தில் தொங்கும் எஞ்சினை முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பித்தார். ஆட்டினால் நுழைந்துவிடும் என்று அந்த வெள்ளைக்காரன் சொல்லியிருக்கிறானாம்.

நான் மேலே பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உத்தரம் சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே வந்தது, கொஞ்சம் உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது உள்ளே போகவில்லை. பொடி கோடாக இறங்கியது. இரண்டு பேர் கண்ணும் எஞ்சினைவிட்டு அகலவில்லை.

விழப்போகிறது என்று நான் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆரம்பித்துவிட்டாயா என்பார். ஹரீஷ் சிரிப்பான். இரண்டு பேரும் அங்கேயே இருப்பார்கள். ஒரே பேச்சில் இரண்டு பேரும் எழுந்து வர வேண்டும். அப்படி ஒரு பேச்சுதான் இருந்தது.

"ஹரீஷ், டாக்குரியாலேருந்து போன் வந்தது. உங்கப்பா மயங்கி விழுந்துட்டாராம். மூச்சு இல்லைங்கறா."

எப்படி வெளியே வந்தான் என்று தெரியாது, முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தான். என் கணவர் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு வாசலுக்கு ஓடிவந்தார். யார் பேசினார்கள், எப்போது விழுந்தார் என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். ஹரீஷ் செருப்புக்குள் கால் விடும்போது பின்னால் மரம் முறியும் சத்தம் கேட்டது.

உத்தரத்தின் ஒரு முனை சுவரைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. எஞ்சின் வண்டியின் முன்பக்கத்தைத் தரையோடு நசுக்கியது. கூரையிலிருந்து செங்கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நின்றன. புழுதி அடங்கியபோது, ஹரீஷின் தலை இருந்த இடத்தில் புது எண்ணெய் குளமாகப் பரவிக்கொண்டிருந்தது. மூங்கில் கட்டுகிறவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரும் பிழைத்தோமா என்று பெங்காலியில் கேட்டார்கள். இரண்டு பேரும் முழுசாக என் முன்னால் நின்றார்கள், அதைவிட எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஹரீஷ் அதைத் திரும்பிப் பார்த்தும் அப்பா அப்பா என்றுதான் முனகினான். பதற வேண்டாம், அப்பாவுக்கு ஒன்றுமில்லை, உங்களை வெளியே கொண்டுவரப் பொய் சொன்னேன் என்றேன்.

தப்பித்தோம் என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். என் கணவர் உத்தரத்தைப் பார்க்கவில்லை, நசுங்கிய வண்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எங்கண்ணாவையா சொன்னே? உன் வாயாலயா?"

ஹரீஷ் ஏற்கெனவே அப்பாவின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தான். தப்புத் தப்பாக அழுத்தினான். ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்து நின்றது. மறுபடி போட்டான். மறுபடி அடித்து நின்றது. பக்கத்து ஃபிளாட் பெங்காலி மாமாவுக்குப் போட்டான், அவரும் எடுக்கவில்லை. என் கணவர் கட்டிய லுங்கியோடு தெருவில் இறங்கி டாக்சிக்குக் கை காட்டினார்.

அந்த மணிச் சத்தத்தில்தான் எனக்கு என்னவோ ஆயிற்று. அலமாரி ஞாபகம் வந்தது. மாமியாரின் படி ஞாபகம் வந்தது. அவையெல்லாம் என் கண் பார்த்தவை. இது என் கண் பார்த்ததில்லை, வெறும் நாக்கு சொன்னது. நான் கை கூப்பிக்கொண்டு, எடுங்கோ, எடுங்கோ என்று அந்த மொபைலைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இவர்களைவிட நான்தான் அதிகமாகப் பயந்தேன்.

டாக்சி வந்து நின்றபோது ஹரீஷின் அப்பாவே கூப்பிட்டார். போனை வீட்டில் வைத்துவிட்டு லேக்கைச் சுற்றி நடக்கப் போயிருந்தாராம். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறானே, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று உற்சாகமாகக் கேட்டார். ஹரீஷ் அழுதுவிட்டான். என் கணவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் ஒரு வார்த்தை பேசினால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நான் போனுக்குக் கை நீட்டினேன். ஹரீஷ் கொடுக்கத்தான் வந்தான். என் கணவர் நடுவில் கையை வைத்தார்.

"நீ பேச வேண்டாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது முன்னறையைப் பூட்டி வைத்திருக்கிறோம். என் கணவர் எஞ்சினைப் பற்றிப் பேசுவதில்லை, உளுத்த மரத்தைப் பற்றியும் பேசுவதில்லை. டாக்குரியாவுக்கு மட்டும் தினம் காலையிலும் சாயங்காலமும் போன் போடுகிறார், நான் இல்லாத அறையிலிருந்து. அண்ணாவுக்கு எண்பது நெருங்குகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறார். எல்லாரையும் போல அவரும் ஒரு நாள் போவார், நாளைக்கோ, பத்து வருஷம் கழித்தோ. அன்றைக்கு இந்தக் குடும்பத்தில் யாருக்கும் உத்தரம் ஞாபகம் வராது, வாசலில் நின்று நான் சொன்ன வார்த்தைதான் வரும். வரட்டும், எனக்கு அது பழகிவிட்டது. அன்றைக்கு நானும் அவர்களோடு சேர்ந்து அதையே நம்பிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.