சூளையருகே விரித்த இறக்கை

விமானத்தை ஓட்டுவது லாம்ப்ரெக்ட். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சுடுவதும் குண்டு வீசுவதும் நான். இரட்டை இறக்கை வண்டி அது. இரண்டு பேருக்கும் அதன் உடம்பில் ஒரே குழி. கை நீட்டினால் அவன் தோளைத் தொடலாம். வெளிப்பக்கம் விலாவில் தட்டு வைத்துக் கையெறிகுண்டுகளை அடுக்கியிருப்பார்கள். குண்டின் கயிற்றை இழுத்தால் உடனே வீசிவிட வேண்டும், அப்புறம் யோசிக்க நேரம் கிடையாது.

நான் ஹாம்பர்க் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். காலாட்படையில் எல்லாரையும்விடத் தூரமாகக் குண்டு எறிந்தேன் என்று என்னை இதில் ஏற்றிவிட்டார்கள்.

சோம் ஆற்றுக்கு வடக்கே ஒரு செங்கல் சூளை. என் பழைய காலாட்படைக் கம்பெனி முந்தின நாள் மாலை அதைப் பிடித்திருந்தது. சூளைக்கு எதிரே பள்ளமாகப் போகும் வண்டிப்பாதையில் இங்கிலீஷ்காரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு படுத்திருந்தார்கள். விடிந்தபோது சூளை யார் கையில் என்று எவருக்கும் தெரியவில்லை.

"சூளையில வெள்ளத்துணி விரிச்சிருந்தா நம்ம ஆளுங்க. பள்ளத்த மட்டும் அடிங்க," என்றார் எங்கள் விமான அணியின் லெப்டினன்ட். "துணி இல்லன்னா சூளையையும் சேத்து அடிச்சிருங்க."

மேலிருந்து பார்த்து அடையாளம் தெரிவதற்காகவே காலாட்படைக்கு அகலத் துணி கொடுத்திருந்தார்கள்.

"என்னடா மூட்டை, மூஞ்சி தொங்குது?" என்றான் லாம்ப்ரெக்ட்.

"என் பழைய ஆளுங்க அங்க இருக்காங்கண்ணே."

"துணி விரிக்க மறக்கறதுக்கு அங்க எல்லாரும் ஒன்ன மாதிரியா? ஏறுடா."

ஆறு வண்டிகள் கிளம்பினோம். லெப்டினன்ட் முன்னால், நாங்கள் இரண்டாவது. பனி கலைந்ததும் சூளை தெரிந்தது. புகைபோக்கி பாதி இடிந்து கிடந்தது. துணி எங்கும் இல்லை. நான் மறுபடி மறுபடி பார்த்தேன். இல்லை. லெப்டினன்ட்டின் வண்டியிலிருந்து சிவப்பு வெளிச்சம் பாய்ந்தது. அடி என்று அர்த்தம்.

அவர் மரத்தின் உயரத்துக்கு இறங்கிப் போனார். குண்டுகள் செங்கல் அடுக்குகளுக்கு நடுவே விழுந்தன. மண்ணும் செங்கலும் ஒரு பூட்ஸ் காலும் மேலே எழும்பி விழுந்தன. ஓடியவர்களை அவருடைய பின்துப்பாக்கி வரிசையாகச் சாய்த்தது. அடுத்து நாங்கள். லாம்ப்ரெக்ட்டின் முன்துப்பாக்கி அதிர ஆரம்பித்தது. மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் ஒரு குண்டை எடுத்துக் கயிற்றை இழுத்தேன்.

அப்போது ஒருவன் ஓடாமல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் வீசினான். உடம்பெல்லாம் சேறு. சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. ஆனால் தலையில் வெள்ளை. அவன் காலடியில் கிடந்தவனின் வயிற்றில் வெள்ளை, இன்னொருவன் தோளில் வெள்ளை. ஆஸ்பத்திரிக் கட்டு இவ்வளவு அகலமாக இருக்காது.

கையில் குண்டு சீறிக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் பார்த்துப் பலமெல்லாம் கூட்டி எறிந்தேன். அது காற்றிலேயே வெடித்து எங்கள் இறக்கையைக் கிழித்தது. லாம்ப்ரெக்ட்டின் தோளில் குத்தினேன்.

"நிறுத்துண்ணே! நம்ம ஆளுங்க! துணியக் கிழிச்சுக் காயத்துக்குக் கட்டியிருக்கானுங்க!"

அவன் விரலை எடுத்தான். அதற்குள் பள்ளத்துக்கு மேலே வந்துவிட்டோம். கீழேயிருந்து தோட்டாக்கள் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு வந்தன. லாம்ப்ரெக்ட்டின் தொடை பிளந்தது. ரத்தம் என் பூட்ஸ்வரை தெறித்தது. பின்னால் வந்த நான்கு வண்டிகளும் சூளையை அடித்துவிட்டு, லெப்டினன்ட்டைத் தொடர்ந்து மறுபடி அடிக்கச் சுற்றித் திரும்பின. அவர்களிடம் சொல்ல எங்களுக்கு வழியே இல்லை.

"எறக்கறேன்," என்று லாம்ப்ரெக்ட் கத்தினான். "துணி நம்மகிட்ட இருக்குடா!"

எனக்குப் புரியவில்லை. சூளைக்குப் பின்னால் வண்டி தரையில் மோதியது. சக்கரம் பிய்ந்தது, மூக்கு மண்ணில் புதைந்தது. நான் வெளியே விழுந்து எழுவதற்குள் ஒரு மண்வெட்டிக் கட்டை என் விலாவில் இறங்கியது.

"கொலகாரப் பயலே! எங்களையாடா கொல்ற?"

தலையில் வெள்ளைக் கட்டு. பழைய சிநேகிதன் க்ரூசே. என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டி அப்படியே நின்றது.

"மூட்டை! நீயா?"

"துணி எங்கடா?"

"காயக்கட்டெல்லாம் தீந்துபோச்சு. சாகறவன் கத்துறான், என்ன செய்யச் சொல்ற?"

விமானக் குழிக்குள்ளிருந்து லாம்ப்ரெக்ட் உறுமினான். "அப்பறம் அழுங்கடா. எறக்கைக்கு அடிப்பக்கம் வெள்ளத் துணிதான? அறுத்து விரிங்க!"

துப்பாக்கி முனைக் கத்திகளால் இறக்கையைக் கிழித்தோம். பசை பூசிய துணி, தோல் மாதிரி விறைத்து வந்தது. செங்கல் வைத்து அதை விரித்துக்கொண்டிருக்கும்போதே விமானங்கள் அடிக்கத் தாழ்ந்து வந்தன. பள்ளத்திலிருந்து வந்த தோட்டா ஒன்று எனக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்திருந்தவனின் தாடையைக் கொண்டுபோனது. நாங்கள் துணிமேலேயே படுத்தோம். முதல் வண்டியில் லெப்டினன்ட்டின் கண்ணாடி மூடிய முகம்கூடத் தெரிந்தது. அவர் சுடவில்லை. இறக்கையைச் சாய்த்துப் பள்ளத்துப் பக்கம் திரும்பினார்.

ஆறில் மிச்சமிருந்த ஐந்தும் அந்தப் பாதையை முனை முதல் முனை வரை அடித்தன. துப்பாக்கி வண்டி இழுத்த குதிரைகளும் மனிதர்களும் சேர்ந்து கத்தினார்கள். திரும்பத் திரும்ப அடித்தார்கள். கடைசியில் அங்கே கத்துவதற்கு யாரும் இல்லை.

லாம்ப்ரெக்ட்டை வெளியே இழுத்துப் போட்டோம். தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கிக் கட்ட ஒரு முழத் துணி இல்லை. தரையில் விரித்ததை எடுக்க முடியாது, எடுத்தாலும் அந்த விறைப்பில் முடிச்சு விழாது. க்ரூசே தன் தலைக்கட்டை அவிழ்த்தான். அவன் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"பேன் இருக்காடா இதுல?" என்றான் லாம்ப்ரெக்ட்.

"இருக்குது. பட்டினியா கெடக்குதுங்க. பொறுத்துக்க."

லாம்ப்ரெக்ட் சிரிக்கப் பார்த்தான். க்ரூசே இரண்டாவது சுற்றுச் சுற்றும்போது லாம்ப்ரெக்ட்டின் கால் கனத்தது. நான் கன்னத்தில் அறைந்தேன். கண் திறந்தேதான் இருந்தது, ஆள் இல்லை.

க்ரூசே தொடைக்கட்டை அவிழ்த்து, பிழிந்து, தன் தலையிலேயே மறுபடி கட்டிக்கொண்டான்.