வலமிருந்து வாசித்தால் வெற்றி

இருபது வருடங்களுக்குப் பிறகு முஸ்தாக் அந்த ஜப்பான் படக்கதைப் புத்தகத்தைத் திறந்தபோது, அதில் பன்னிரண்டு வயதாக இருந்த சுருட்டைமுடிப் பையனுக்கு முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. ஆட்டப் பலகைக்கு எதிர்ப்புறம் இருந்த கண்ணாடிப் பையனுக்குத் தொப்பை வைத்திருந்தது. கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்தாக்குக்கும் அதே அளவு வயது போயிருந்ததால் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவருக்குச் சாயம் பூச அலுமாரியை நகர்த்தியபோது அகப்பட்ட புத்தகம் அது. மனைவி றுஸ்னா எட்டிப் பார்த்து, "உங்கட கூட்டாளிமாரும் உங்களப் போலதான் ஆகிட்டாங்க" என்று சிரித்தார்.

சுனாமியில் கடல் வந்த அடுத்த வருடம், அகதி முகாமில் மருந்து கொடுத்த ஜப்பான் டாக்டர் ஒருவர் விட்டுப்போனது. நம்மூர்த் தாம் ஆட்டம் போல, கறுப்பு வெள்ளைக் காய் வைத்து விளையாடும் இரண்டு பையன்களின் கதை. எழுத்து ஒன்றும் விளங்காது, அட்டையும் கழன்றுபோயிருந்தது. முகாமில் கூட்டாளியான காரைதீவு ஜனுசனும் முஸ்தாக்கும் அதை ஆளுக்கொரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகிய முஸ்தாக்கின் கை தன்பாட்டில் அதை வலப்பக்கத்தால் திறந்தது. ஜனுசன் பாடசாலைப் புத்தகத்தைப் போல இடப்பக்கத்தால் திறந்தான். முஸ்தாக் வாசிக்கையில் சுருட்டைமுடியன் முதலில் தோற்று அழுது கடைசியில் வென்றான். ஜனுசன் வாசிக்கையில் வென்று தொடங்கி அழுது முடித்தான். ஒருநாள் யார் வென்றது என்று கதை வந்தது. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, 'பொய்யன்' என்ற சொல்லோடு பேச்சு நின்றது. பிறகு சந்தையில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இப்போதும் கதை பழையபடியே இருந்தது. நடுப்பக்கத்தில் மட்டும் விளையாட்டு நின்றுபோயிருந்தது. திங்கட்கிழமை பார்த்தபோது காய்களில் தூசி படிந்திருந்தது. புதன்கிழமை கண்ணாடிக்காரர் தன் காய்களைப் பெட்டியில் அள்ளிப்போட்டிருந்தார். வியாழக்கிழமை எழுந்து செருப்பை மாட்டியிருந்தார். சின்ன வயதிலிருந்தே அந்தக் கண்ணாடிக்காரரை முஸ்தாக் ஜனுசனாகவேதான் நினைத்துவந்தார். அவர் போய்விட்டால் இனி வரமாட்டார் என்று பயந்தார். அந்த நேரம் றுஸ்னா புத்தகத்தை வாங்கி, இடப்பக்கத்தால் புரட்டிக்கொண்டே போய், "என்ன இந்தச் சுருட்டைமுடிக்காரர் கடைசியில அழுறாரு?" என்று கேட்டார். முஸ்தாக் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் காரைதீவுக்குப் போனார். ஜனுசன் இப்போது கணக்கு வாத்தியார். கதவைப் பாதிதான் திறந்தார்.

"மச்சான், நீ பொய் சொல்லல்ல. நான் மற்றப் பக்கத்தால வாசிச்சிரிக்கன்."

"இதச் சொல்ல இருவது வருஷமாடா?"

"ஓம். வெட்கமாத்தான் இரிக்கி. கெதியா வா, அவன் செருப்பப் போட்டுட்டான்."

யார் செருப்பைப் போட்டது என்று ஜனுசன் கேட்கவில்லை. முஸ்தாக்கின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். இருவரும் அதை மேசையில் வைத்து, ஒருவர் வலமிருந்தும் மற்றவர் இடமிருந்தும் ஒவ்வொரு தாளாகப் புரட்டி வந்து நடுவில் சந்தித்தார்கள். வாசல்வரை போயிருந்த கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு கறுப்புக் காயை வைத்தார். ஜனுசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிழையான இடத்தில வெச்சிட்டான்" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பலகையில் ஒரு காய் கூடுகிறது. இதுவரை யாரும் வெல்லவில்லை. ஒரு கிழமை ஜனுசன் காய்ச்சலில் படுத்துவிட, முஸ்தாக் தனியாகப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே இருவரும் பலகையைத் தொடாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரரைப் பார்க்கக் காரைதீவுக்குப் புறப்பட்டார்.