இருவர் மிதிக்கும் படகு

அந்தப் படகில் இரண்டே இருக்கைகள். அதற்காகவே என் தங்கை எனக்கும் தன் கணவருக்கும் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

"மூணாவது ஆளுக்கு இடம் கிடையாது. நடுவுல நின்னு தபால் குடுக்க நான் வரமாட்டேன், அப்பாவோட கரையிலேயே இருக்கேன். அரைமணி நேரம் சுத்துங்க, பேசுங்க, ஒரு முடிவோட வாங்க. அஞ்சு மணிக்குள்ள நான் போன் பண்ணியாகணும்."

போன் செய்ய வேண்டியது ஒரு முதியோர் இல்லத்துக்கு. அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. இன்று ஐந்து மணிக்குள் சம்மதம் சொன்னால் நாளைக் காலை அப்பாவைச் சேர்த்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பா ஆறு வருடமாகத் தங்கை வீட்டில்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார். போன மாதம் எதிர்க் கட்டடத்து லிஃப்டுக்குள் ஏறி இரண்டு மணி நேரம் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: அப்பா என்னோடு வரட்டும். பஸ்ஸில் வரும்போது அதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஏழு மாதமாக, அப்பாவை என்ன செய்யலாம் என்று தங்கை கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றே சொல்லியிருந்தேன். எனக்கு இரண்டு அறைகள், நிறையப் புத்தகங்கள், அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. வீட்டுக்குத் திரும்பினால் மறுநாள் காலைவரை வாய் திறக்கத் தேவையில்லை. அந்த அமைதியை விட எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சையை எனக்குச் சொல்லாமலே அவர் ஏற்பாடு செய்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் இரண்டு சொன்னார். அதிலிருந்து மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. ஒரே மேஜையில் சாப்பிடும்போதும், "உங்க அண்ணனுக்கு இன்னும் வேணுமான்னு கேளு" என்பார். "போதும்னு சொல்லு" என்பேன். நடுவில் தங்கை.

படகுக்காரர் எங்கள் கால்சட்டைப் பைகளைப் பார்த்து, போன்களைக் கரையிலேயே கொடுத்துவிடச் சொன்னார். "விசில் சத்தம் கேட்டா உடனே திரும்பிடணும் சார், மேகம் சரியில்ல" என்றார். ஆளுக்கொரு ஜோடி மிதி. திருப்புவதற்கு நடுவில் ஒரு கைப்பிடி. இரண்டு பேர் மிதிக்கும் விசையும் ஒரே சக்கரத்துக்குத்தான் போகிறது. ஒருவர் ஏமாற்றினால் மற்றவருக்குத் தொடை கடுக்கும். ஏரியின் நடுவுக்குப் போவதற்குள் எனக்குக் கடுத்தது. அவருக்கும் கடுத்திருக்க வேண்டும். பெருமூச்சுவிட்டுக்கொண்டே இருந்தார்.

வாக்கியத்தைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். யாரைப் பார்த்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் என் முகம் தானாகவே தங்கையைத் தேடியது.

மேற்கே வானம் கறுத்தது. காற்று குளிர்ந்தது. விசில் சத்தம் கேட்டது. அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். மறுபடி விசில்.

"விசில் அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்து.

தண்ணீரிடம் சொன்னதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? பேசாமல் கைப்பிடியைத் திருப்பினேன். அதே நேரத்தில் அவரும் திருப்பினார். கைப்பிடி அசையவில்லை. அந்த நொடியில் மழை எங்கள்மேல் சரிந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து, சுழன்று, கரையிலிருந்து விலகிப் போக ஆரம்பித்தது.

"எந்தப் பக்கம் இழுக்கறீங்க?" என்று கத்தினார்.

"இடது!"

"நான் வலதுல்ல இழுக்கறேன்! வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொன்னீங்களா?"

மூன்று வருடங்களில் நாங்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. அதற்குள் காற்று எங்களை எதிர்க்கரைக் கோரைப் புல்லுக்குள் தள்ளிவிட்டது. கொடி சுற்றிச் சக்கரம் நின்றது. அவர் படகின் பின்பக்கம் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, கொத்துக் கொத்தாகக் கொடியைப் பிடுங்கி எறிந்தார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாப் புடிங்க மச்சான். நான் விழுந்தா உங்க அப்பாவோட சேத்து என்னையும் அங்க அனுப்பிடுவா உங்க தங்கச்சி."

"அப்பாவ அனுப்பறது நீங்க எடுத்த முடிவுதானே?"

தலையைத் திருப்பினார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நானா? அண்ணனுக்கு அதுதான் விருப்பம்போல இருக்குன்னு உங்க தங்கச்சி சொன்னா."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னு சொன்னேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கையிலிருந்த கொடியை என் காலடியில் போட்டார். "லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுன்னா மேல ஏத்தணும், இல்ல கீழ எறக்கணும். உள்ள இருக்கறவங்ககிட்ட 'பாக்கலாம்'னு சொன்னா என்னை அடிப்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவ வந்து அவர் கையப் புடிச்சுட்டு உக்காந்துட்டுப் போயிடறீங்க. ராத்திரில வாசக் கதவு தொறந்திருக்கான்னு நாலு தடவ எந்திரிச்சுப் பாக்கறது யாரு?"

நான் வழக்கமாக ஒதுங்கிக்கொள்ளும் இடம் இதுதான். எதிரில் இருப்பவர் சலித்துப்போய்ப் பேச்சை விட்டுவிடும்வரை பேசாமல் இருப்பேன். அவர் விடவில்லை. நனைந்த இமைகளோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா என்னோட வரட்டும், மாப்ள."

"நெசமாவா?"

"ஆமா."

அவர் கைக்கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தார். "நாலு முப்பத்தேழு. மிதிங்க!"

மிதித்தோம். என் வாழ்நாளில் எதையும் அப்படி மிதித்ததில்லை. கைப்பிடியை அவரிடமே விட்டுவிட்டேன். கோரையிலிருந்து வெளியே வந்து, ஏரியின் நடுவைத் தாண்டினோம். அங்கே காற்று எதிரே நின்றுகொண்டது. எவ்வளவு மிதித்தாலும் படகு அதே இடத்தில் ஏறி இறங்கியது. கரையில் டிக்கெட் கொடுக்கும் கொட்டகை தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு நாற்காலியில் அப்பா. பக்கத்தில் தங்கை, முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்பத்து மூணு" என்றார் மாப்பிள்ளை.

தங்கை நிமிர்ந்து ஏரியைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏய், வேண்டாம்! வச்சுடு!" மாப்பிள்ளை எழுந்து நின்று கத்தினார். படகு கவிழப் பார்த்தது. நானும் கத்தினேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. ஆனால் காற்று அதைப் பிடுங்கி எங்களுக்குப் பின்னால் எறிந்தது. அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். பயப்படாதீர்கள், ஆள் வருகிறது என்பது போல.

ஐந்தேகாலுக்கு மோட்டார் படகு வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போனது. "விசில் கேக்கலையா?" என்று படகுக்காரர் திட்டிக்கொண்டே வந்தார். "கேட்டுச்சு" என்றோம், இரண்டு பேரும்.

தங்கை துண்டை நீட்டினாள். "சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க."

"அப்பா என்னோட வரட்டும்" என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "இப்பச் சொல்றியா? ஏழு மாசமா உன்கிட்டத் தொண்டத்தண்ணி வத்தக் கேட்டேனே அண்ணா, அப்ப எங்க போச்சு இந்த வாய்? நாளைக்கு நனஞ்ச துணி காஞ்சதும் மறுபடி 'பாக்கலாம்'னு சொல்லுவ."

"சொல்ல மாட்டாரு. எங்கிட்டத்தான் சொன்னாரு" என்றார் மாப்பிள்ளை.

"உங்ககிட்டயா?" அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் கோபம் போகவில்லை. போனை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "அப்ப நீயே பேசு. நான் இனி யாருக்காகவும் பேச மாட்டேன்."

பேசினேன். மறுமுனையில் ஒரு பெண், தாள்களைப் புரட்டும் சத்தத்தோடு, "நீங்க யாரு?" என்றாள்.

"மகன்."

"மகள், மருமகன் பேர்தான் போட்டிருக்கு. மகன்னு யாரும் இல்லையே சார்."

"இருக்கேன்" என்றேன்.

தாள் மறுபடி புரளும் சத்தம் கேட்டது. "யோசிச்சுட்டுக் கூப்பிடறீங்களா? கட்டில் போயிடுச்சுன்னா மறுபடி எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"யோசிக்க வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க."

போனைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தேன். அப்பா என் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "யாரு, மழையில வந்தது?" என்றார். நான்தான் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். காரின் பின் இருக்கையில் உட்காருவதற்குள் ஆறு முறை கேட்டுவிட்டார். ஆறாவது முறை என் குரலில் ஏறிய எரிச்சலைத் தங்கை கவனித்தாள்.

"இதுக்கே இப்படியா? இன்னிக்கே கூட்டிட்டுப் போறியா, இல்ல நாளைக்கா?"

"இன்னிக்கே."

"அப்ப கேட்டுக்கோ. மஞ்சள் மாத்திரை காலைல, வெறும் வயித்துல. வெள்ளை சாப்பிட்டப்புறம், பாதி. உடைச்சுக் குடுக்கணும், முழுசா குடுத்தா துப்பிடுவாரு. சொல்லு பாப்போம்."

"மஞ்சள் பாதி..."

"வெள்ளை பாதி!"

"வெள்ளை பாதி, சாப்பிட்டப்புறம்."

"மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.