செங்கோடன் அண்ணனின் மிளகுக் கஷாயம்

என் வாய்க்கு யாராவது ஒரு பூட்டு போட்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் மலைமேல் திருப்புலி நாட்டு மிளகு விவசாயிகள் கூட்டத்தில் மிளகு ஆராய்ச்சிக்காரி என்று மைக் பிடித்து அப்படி அளந்திருந்தேன். "ரத்தப் புற்றுல, செல்லுக்குள்ள 'பெருகு, பெருகு'ன்னு ஒரு கட்டளை ஓடிக்கிட்டே இருக்குமுங்க. உங்க மொளகுல இருக்கற ஒரு சத்து அந்தக் கட்டளைய மறிக்குதுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். அது ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது, மனித உடம்பில் பார்த்ததல்ல என்பதைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். கைதட்டல் கேட்டால் எனக்கு மிச்சமெல்லாம் மறந்துபோகும்.

இந்த முறை ஆய்வுக்கு மிளகு வாங்கச் செங்கோடன் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அவர் மனைவி பெருமாயி அக்காவுக்கு ரத்தப் புற்று என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது.

"வா கோகிலா கண்ணு. நீ சொன்ன மருந்து நல்லாக் கேக்குது" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "ஆசுபத்திரி மாத்திரை குமட்டுதுன்னு அவ சொன்னா. நிறுத்தி மூணு மாசமாச்சு. இப்ப ரெண்டு வேளையும் கெட்டியா மொளகுக் கஷாயந்தான். நல்லா வெளைஞ்ச மணியா நானே பொறுக்கி, நானே இடிக்கறேன்."

அந்த மாத்திரையும் அதே கட்டளையைத்தான் மறிக்கிறது. ஆனால் அது எத்தனையோ பேரை நிஜமாகவே பிழைக்க வைத்த மருந்து. நிறுத்தினால் நோய் தலைதூக்கிவிடும். நான் வாயைத் திறப்பதற்குள், களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பெருமாயி அக்கா கையாட்டிக் கூப்பிட்டார்.

"மாத்திரைய நான் நிறுத்தல கண்ணு" என்றார் ரகசியமாக. "தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு மாசாமாசம் அடிவாரத்துக் காரவள்ளி வழியா பஸ்ஸேறிப் போயி, ஆசுபத்திரியில வாங்கியாந்து தின்னுட்டுத்தான் இருக்கறேன்."

"அப்புறம் கஷாயம் எதுக்குக்கா?"

"எனக்காக அந்த மனுசன் விடியாலயே எந்திரிச்சு இடிக்கறாரு. வேண்டாங்கன்னு எந்த வாயில சொல்றது?"

போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிடமே அக்காவின் பாதங்களைப் பார்த்தேன். இரண்டும் வீங்கியிருந்தன. கண் இமைகளும் உப்பியிருந்தன. ரெண்டு மாசமாக இப்படித்தான் என்றார். மிளகின் காரச்சத்து அதிகமாகப் போனால், கல்லீரல் சில மருந்துகளைக் கரைத்து வெளியேற்றுவது மெதுவாகிவிடலாம். மருந்து உடம்பிலேயே தேங்கி இப்படி வீக்கத்தைக் கொண்டுவரலாம். அங்கிருந்தே அவருடைய டாக்டருக்குப் போன் போட்டேன். கஷாயத்தை உடனே நிறுத்துங்கள், நாளைக் காலையே கூட்டி வாருங்கள், ரத்தத்தைப் பார்த்துத்தான் மாத்திரை அளவைச் சொல்ல முடியும் என்றார் அவர்.

இதை மறைக்க முடியாது. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நான் பாதி மட்டும் சொன்னதையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் திரும்பினார்.

"ஏன் புள்ள, எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"உங்க மூஞ்சி வாடிப்போயிருமுங்களே."

அண்ணன் களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "அப்ப அவளுக்கு நான் என்னதான் பண்ணட்டும் கண்ணு?"

தோன்றியதைச் சொன்னேன். "நாளையிலிருந்து டாக்டர் சொல்ற மாத்திரைய, சோறு தின்னதும் தெனமும் நீங்களே எடுத்துக் குடுங்கண்ணா."

தலையாட்டினார். எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், மோந்து பார்த்தார், மறுபடியும் கழுவினார். மூன்றாவது தடவை கழுவிவிட்டு, ஈரக் கையோடு என்னிடம் வந்து நின்றார்.

"மொளகு வாசம் போகவே மாட்டேங்குது. இந்தக் கையில குடுத்தா அவளுக்கு ஒண்ணும் ஆயிராதே கண்ணு?"