இடப்பக்கக் கதவு

ஆரணியில் பரசுராமனுக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்கிறவரும் பரசுராமன்தான். பட்டுப்புடவை வியாபாரத்தில் மாடிமேல் மாடி எழுப்பிய மனிதர். யாராவது ஒன்றை விளக்க வாயெடுத்தால் பாதியிலேயே கையை ஆட்டி நிறுத்திவிடுவார். ஓய்வுபெற்ற சர்வேயர் ஞானசந்திரன் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போனபோது, தன்னிடமிருந்த பழைய பித்தளை தியோடலைட்டைப் பரசுராமனிடம் கொடுத்தார். நிலம் அளக்கிற குழாய்க் கருவி, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்.

"உள்ள குறுக்கயும் நெடுக்கயும் இழை தெரியும் பாருங்க, சிலந்தி நூலு. இதுல பாக்கறது எல்லாம் தலைகீழா இருக்கும். அதுல இன்னொண்ணும் இருக்குங்க, கவனமா..."

"தெரியும் சார்" என்றார் பரசுராமன். அந்த இன்னொன்று ஞானசந்திரனோடு சென்னைக்குப் போய்விட்டது.

தியோடலைட் மொட்டை மாடியில் முக்காலிமேல் ஏறியது. பட்டைவிடச் சன்னமான நூல் உள்ளே இருக்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு ஊரை வேவு பார்க்கத் தொடங்கினார். ரைஸ்மில் நெற்களத்துக்கு அந்தப் பக்கம் ஒரே சுவரில் இரண்டு நீலக் கதவுகள். இடப்பக்கம் பவர்லூம் மெக்கானிக் ராஜ்குமார், கல்யாணம் ஆகாதவன். வலப்பக்கம் தையல்கார ஸ்வர்ணலதா. ஒரு மத்தியானம் மருமகள் ஹேமலதா களத்தைத் தாண்டித் தலைகீழாக நடந்து போய் இடப்பக்கக் கதவுக்குள் நுழைந்தாள். மறுநாளும் நுழைந்தாள்.

"எங்கம்மா போய்ட்டு வர்ற?"

"ஸ்வர்ணலதா அக்கா வூட்டுக்குங்க மாமா. பாப்பாவுக்குக் கவுன் தெச்சிகினு இருக்காங்க."

பொய்யை இப்படிக் கூசாமல் சொல்கிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. கண்டுபிடித்தவனின் அற்ப சந்தோஷம். மகன் தனசேகரனிடம் சொன்னார், மனைவி ராஜம்மாளிடம் சொன்னார், கடை ஆட்களின் காதிலும் விழும்படி சொன்னார். அன்று சாயங்காலமே ஹேமலதாவைச் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை பவித்ராவை ராஜம்மாள் இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

சில நாள் கழித்துக் குழாயில் ராஜம்மாளே தெரிந்தாள். கனத்த உடம்பு தலைகீழாக அசைந்து அசைந்து போய் இடப்பக்கக் கதவுக்குள் நுழைந்தது. பரசுராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயை விட்டு விலகி வெறும் கண்ணால் பார்த்தார். சிறிதாகத் தெரிந்தாலும், அவள் வெளியே வந்தது வலப்பக்கக் கதவிலிருந்துதான். தைத்த ஜாக்கெட்டுகளோடு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

அந்தக் குழாயில் மேல் கீழாகும்போது இடமும் வலமாகும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மருமகளுக்காக ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்கிற கவலை. தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். பரசுராமன் அதை முழுங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா தன் அப்பாவோடு வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் இப்ப ஸ்வர்ணலதா அக்கா வூட்டுக்குத்தான் போறேன்" என்றாள் கணவனிடம். "நீங்க மாமாவோட மிஷின்லயே பாருங்க. எந்தக் கதவுன்னு பாத்துட்டு என் கொழந்தைய குடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

மூட்டு வலிக்கார சம்பந்தி கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் மகனும் மாடி ஏறினார்கள். குழாயில் கண் வைக்க முடியாமல் மூக்குக்கண்ணாடி இடித்தது. தனசேகரன் அதைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தான். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு எதிர்வீடுகூடப் புகைமூட்டம்தான். குழாயின் திருகைத் திருப்பியதும் அதற்குள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

காய்கிற நெல்லை மிதிக்காமல் ஓரமாகவே ஹேமலதா வேகவேகமாக நடந்தாள். பரசுராமன் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் புடவை வலப்பக்கக் கதவின் முன்னால் போய் நின்றது.

"நைனா" என்றான் தனசேகரன். "அவன் கதவாண்டதான் நிக்கிறா. கண்ணாடிய குடு."

பரசுராமன் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தார். ஊதிவிட்டு மறுபடி துடைத்தார்.

"ஜல்தி குடு நைனா."

கதவு திறந்தது. பச்சைப் புடவை உள்ளே போயிற்று, கதவும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு கண்ணாடியைக் கொடுத்தார். தனசேகரன் மாட்டிக்கொண்டு பார்த்தபோது மூடிய நீலக் கதவுகள் மட்டும் இருந்தன.

"பாரு, உன் கண்ணெதிர்லயே போறா" என்றார் பரசுராமன். "இன்னா சொல்லணும்னு அவன்கிட்ட பேசி வெக்கப் போயிருப்பா."

தனசேகரன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கீழே இறங்கி, உங்கள் பெண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாமனாரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுத் தன் அறைக்குள் போய் அழுதான். பரசுராமன் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஜன்னல் வழியே ஹேமலதா வருவது தெரிந்தது. பவித்ராவின் மஞ்சள் கவுனை மாடியிலிருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவென்றும் பாராமல் ஓடிவந்தாள். அப்பா தெருவில் நிற்பதைக்கூடக் கவனிக்காமல் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா மாமா?" மூச்சிரைக்கக் கதவைத் தட்டினாள்.

அம்மாவின் குரல் கேட்டுப் பவித்ரா ராஜம்மாளின் இடுப்பிலிருந்து கதவுப் பக்கம் தாவினாள்.

"பாத்தேம்மா" என்றார் பரசுராமன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.