பொங்கியண்ணன் போட்டிருந்த கடைசி எபிசோட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுப்பிரியா தன் பீரோவை மூன்றாவது தடவையாகக் கவிழ்த்துக் கொட்டினாள். சுடிதார், துப்பட்டா, கல்லூரிக் காலத்து ஸ்வெட்டர் எல்லாம் கட்டிலில் குவிந்தன. தேடியது மட்டும் இல்லை. தேடியது ஒரு கருப்புப் பனியன். திருப்பூர்க்காரர்களுக்கு டீ-ஷர்ட்டும் பனியன்தான். ஊரே அதை வைத்துத்தான் சோறு தின்கிறது, அதனாலேயே வீட்டுக்குள் அதற்கு மரியாதை கிடையாது.

"அம்மா, பச்சைக் கவருக்குள்ள ஒரு கருப்புப் பனியன் வச்சிருந்தனே, பாத்தீங்களா?"

அம்மா ஜானகியம்மாள் சமையற்கட்டிலிருந்து நிதானமாகப் பதில் சொன்னாள். "அதா? நேத்து பொங்கியண்ணன் மரமேறித் தேங்கா போட வந்தான். சட்டை முதுகுல கிழிஞ்சு தொங்குச்சு. பாவமா இருந்துச்சு, எடுத்துக் குடுத்துப்போட்டேன் கண்ணு. ஏன், உங்க ஆபீசுல பனியனுக்கா பஞ்சம்?"

அனுப்பிரியா கையிலிருந்த துப்பட்டாவைக் கீழே போட்டாள். "அவரு ஊடு எங்கீங்கம்மா?"

"ஊட்டுல எங்க இருப்பான்? இன்னிக்கு அவிநாசில அவன் தங்கச்சி மகளுக்குக் கண்ணாலம். புதுசாட்ட இருக்குதுங்க, கண்ணாலத்துக்கே போட்டுக்கறேன்னு சிரிச்சுக்கிட்டே போனான்."

"எந்த மண்டபமுங்க?"

"அதை நான் கேட்டனா?"

முகூர்த்த ஞாயிறு. அவிநாசியில் எத்தனை மண்டபம், எத்தனை கல்யாணம்! பொங்கியண்ணனிடம் போனும் கிடையாது. அனுப்பிரியா கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையரிடம் ஆர்டர் வாங்கி, நூலில் தொடங்கி பேக்கிங் வரை அதன் பின்னால் ஓடி, நடுவில் யார் தப்புச் செய்தாலும் திட்டு வாங்குகிற வேலை. நான்கு மாதத்துக்கு முன்னால் கம்பெனிக்கு வந்த ஆர்டர் 'துருமுகன்' பனியன். அவள் உயிரை விட்டுப் பார்க்கும் வெளிநாட்டுச் சீரியல் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஹேடன் என்பவன் துருப்பிடித்த இரும்பு முகமூடியை மாட்டிக்கொண்டு அயோக்கியர்களை நொறுக்குவான். பறக்க மாட்டான், மின்னல் விட மாட்டான். அடி வாங்குவான், ரத்தம் துப்புவான். பலத்தைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் அவன் காது இன்னும் கொஞ்சம் செவிடாகும். கடைசி எபிசோட் வருகிற வெள்ளிக்கிழமை. அவன் பிழைப்பானா சாவானா என்று உலகமே அடித்துக்கொண்டிருந்தது.

பதில் அந்தப் பனியனில் அச்சாகியிருந்தது. ஹேடனின் மகள் நோரா முகமூடியோடு ஒரு கல்லறை முன்னால் நிற்கிறாள். கல்லில் ஹேடனின் பெயர், கீழே பிறந்த வருடம், இறந்த வருடம். கடைசி எபிசோட் வந்த மறுநாள் கடைகளுக்குப் போகவேண்டிய சரக்கு, கடல் கடந்து கிடங்கில் காத்திருந்தது. அதற்குள் படம் வெளியே தெரிந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவோம் என்று பையர் எழுதி வாங்கியிருந்தான். அந்தத் தாளில் முதலாளி கையெழுத்துக்குக் கீழே அனுப்பிரியாவின் கையெழுத்தும் இருந்தது. சரக்கு திரும்பி வந்தால் அவள் வேலை போவது ஒருபக்கம், அந்த நடுத்தரக் கம்பெனியே எழுந்து நிற்காது.

ஊசிமுனைப் புள்ளிகள் விழுந்து ரிஜெக்ட் ஆன முதல் சாம்பிளைக் கத்தரித்துப் போடச் சொல்லி அவளிடம்தான் கொடுத்தார்கள். கத்தரிக்கோலை எடுத்தாள், கை வரவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். படித்த பெண், பொறுப்பான வேலை, எல்லாம் இருந்தும் ரசிகை என்று ஆகிவிட்டால் புத்தி இப்படித்தான் மேயப் போய்விடுகிறது.

பதினொரு மணிக்கு அவள் ராஜ்கமல் வீட்டில் இருந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் தேங்காய் போடுகிறவரின் மார்பை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் கருப்புப் பனியன் போட்டவர்களையே கண் தேடியது. திருப்பூர் ரோட்டில் அவர்களுக்கு என்ன குறைச்சல்.

ராஜ்கமல் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கலர் கலக்குகிறவன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். லைன் வீட்டின் முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் யூடியூப் நேரலையில் துருமுகனை அலசுவான். அனுப்பிரியா அவனுக்கு எதிர்க்கட்சி. இரண்டு வருடமாக அவர்கள் போடும் சண்டையைக் கேட்கவே கணியூர், கொமரலிங்கம் வரை ஆள் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா ராக்கையா உட்கார்ந்திருப்பார். பல்லடத்தில் விசைத்தறி ஓட்டி இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு காதையும் தொலைத்தவர். துருமுகனைத் திரைக்கு அடியில் ஓடும் எழுத்தைப் படித்தே பார்த்து வருகிறவர். ஹேடனை "நம்மாளு" என்பார்.

ராஜ்கமலுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கதை எங்கே கசிந்தாலும் பார்க்க மாட்டான். டிரெய்லர் கூடப் பார்ப்பதில்லை. கசிந்த படத்தை யாராவது குரூப்பில் போட்டால் அன்றைக்கே நீக்கிவிடுவான். "அப்பாவும் நானும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுக்கிருவோம்" என்பான்.

நேரலை தொடங்கியது. "ஹேடன் சாகமாட்டான்" என்று ராஜ்கமல் எடுத்த எடுப்பிலேயே மேசையைத் தட்டினான். "இது சாவப் பத்தின கதையே இல்ல. காது போனதுக்கப்புறம் ஒரு மனுசன் எப்படி இருக்கான், அதான் கதை. மூணாவது சீசன்ல மக பாடும்போது அவ தொண்டையில வெரல வச்சுத் தெரிஞ்சுக்கிருவான்ல? அவனப் போயி எவனாவது கொல்லுவானா? என்ன அனு, நீங்க சொல்லுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் அனுப்பிரியா பாய்வாள். அவன் செத்தால்தான் அத்தனை அடிக்கும் அர்த்தம் என்று இரண்டு வருடமாக வாதாடியவள். அவள் சொன்னதுதான் கடைசியில் ஜெயித்திருந்தது. அந்த ஜெயிப்பு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

"நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்றாள்.

கமெண்டுகள் கொட்டின. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா, அக்கா கட்சி மாறிட்டாங்களா என்று கேலி. அவள் சிரித்து வைத்தாள். மேசைக்கு அடியில் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

பதினொன்று இருபதுக்கு அவள் போன் அதிர்ந்தது. ரசிகர் குரூப்பில் கொமரலிங்கத்துக் கதிர்வேல் ஒரு படம் போட்டிருந்தான். 'அவிநாசில ஒரு கல்யாணத்துல இருக்கேன். எதிர்ப் பந்தில ஒரு பெரியவர் போட்டிருக்கற பனியனைப் பாருங்க!' வாழையிலை முன்னால், கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பொங்கியண்ணன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். மார்பில் நோரா, கல்லறை, வருடங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

வேறு ஊர் ரசிகர்களாக இருந்தால் கதையை வைத்துத்தான் சண்டை போட்டிருப்பார்கள். இது திருப்பூர். ஓவர்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் எல்லாரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தையலைப் படிக்கத் தொடங்கினார்கள். 'தோள்ல டேப் அடிச்சிருக்கு, இது லோக்கல் சரக்கில்ல.' 'பிரிண்ட்டைப் பாருங்க, துணியோட கலந்து கெடக்குது. பக்கா எக்ஸ்போர்ட்.' 'அப்ப ஹேடன் காலி.' 'எந்தக் கம்பெனின்னு தெரியணுமே.'

"குரூப்ல என்னமோ படம் வந்துருக்குன்றாக" என்று ராஜ்கமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். "நான் பாக்கமாட்டேன் சாமிகளா. அனு, நீங்க எக்ஸ்போர்ட் ஆளு. நீங்களே பாத்து, டூப்ளிகேட்டான்னு மட்டும் சொல்லுங்க. படத்துல என்ன இருக்குன்னு வாயத் தெறக்கக் கூடாது."

தப்பிக்க இதைவிட நல்ல வழி வேறு கிடைக்காது. டூப்ளிகேட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான்கு வருடம் பையருக்குப் பதில் சொல்லியே பழகிய வாய் அது.

"இது ரிஜெக்ட் பீஸுங்க" என்றாள். "கழுத்துக்குக் கீழ பூராவும் புள்ளி விழுந்திருக்குது. இதை எந்தப் பையரும் எடுக்க மாட்டானுங்க."

சொல்லி முடிப்பதற்குள் உறைத்துவிட்டது. கமெண்டில் ஒருவன் கேட்டேவிட்டான். 'அக்கா, கழுத்துக்குக் கீழ துண்டு மறைக்குதே, புள்ளி எப்படித் தெரிஞ்சுது?' இன்னொருவன்: 'ரிஜெக்ட்னா ஆர்டர் ஓடியிருக்குன்னுதானே அர்த்தம்? அப்ப படம் நிஜம்.'

கதிர்வேல் ராஜ்கமலுக்குக் குரல் செய்தி அனுப்பினான். லேப்டாப் பக்கத்தில் இருந்த ராஜ்கமலின் போனில் அது எல்லாருக்கும் கேட்டது. "அண்ணா, பெரியவரு கை கழுவ எந்திரிக்கறாருங்க. உள்ள லேபிள்ல ஸ்டைல் நம்பர் இருக்கும், அதை போட்டோ புடிச்சுப் போட்டா எந்தக் கம்பெனின்னு பத்து நிமிசத்துல தெரிஞ்சுபோயிரும். நீங்க கலர் மாஸ்டரு. ஒரிஜினல்னு நீங்க சொன்னா நான் போறேன். டூப்ளிகேட்னா விட்டர்றேன், பெரியவரை எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்?"

ராஜ்கமல் கண்ணிலிருந்து கையை எடுத்தான். படத்தைப் பார்க்கவில்லை, அனுப்பிரியாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தம் இல்லை, போன் திரையை மார்போடு அழுத்தி மறைத்திருந்தாள். துணியும் சாயமுமாகப் பிழைப்பவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பனியன் யார் கம்பெனியில் அடித்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கூடவே, அடித்தது நிஜமான பையருக்கு என்றால் அதில் இருக்கும் முடிவும் நிஜம் என்பதும் புரிந்திருக்கும்.

பார்க்காதீங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆமாங்க, என் கம்பெனிதான், நான்தான் எடுத்துக்கிட்டு வந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தால் அவன் பார்க்க வேண்டியே வந்திருக்காது. வாயைத் திறந்தாள். கம்பெனி ஞாபகம் வந்தது, முதலாளி ஞாபகம் வந்தது, அதற்கெல்லாம் முன்னால் தன் வேலை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடலுக்காக அவள் தன்னை வெகுநாள் மன்னிக்கவில்லை.

ராஜ்கமல் அவள் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தான். நாலைந்து நொடிதான். கலர் டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கும்போது வருகிற அதே முகம், இமை கூட அசையவில்லை. பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"அடப் பாவிகளா, இதுக்கா என்னைப் பாக்கச் சொன்னீக? இது டூப்ளிகேட்டுதான். துருக் கலர்ல ஒரு பச்சை ஓடும்யா, இது செங்கல் கலரு. நெட்ல எவனோ வரைஞ்ச படத்த எடுத்து நம்மூர்ல எவனோ அடிச்சுவிட்டுருக்கான். அனு மேடம் பதட்டத்துல ரிஜெக்ட்டு கிஜெக்ட்டுன்னு ஒளறிட்டாக. கதிரு, பெரியவர நிம்மதியா சாப்புட விடுப்பா. சோறு திங்கிற மனுசன் சட்டைய எவனாவது புரட்டுவானா?"

கமெண்டில் சிரிப்புப் படங்கள் பறந்தன. கலர் மாஸ்டரே சொன்ன பிறகு அப்பீல் கிடையாது. கதிர்வேல் படத்தை நீக்கினான், 'சாரிங்கண்ணா' என்று போட்டான். ராஜ்கமல் இன்னும் இருபது நிமிடம் விடாமல் பேசினான். ஹேடன் சாகமாட்டான் என்று முன்னைவிடச் சத்தமாக, முன்னைவிட அழகாக வாதாடினான். அனுப்பிரியாவுக்கு அதைக் கேட்கக் கேட்க எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

நேரலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்னை மன்னிச்சுக்குங்க, ராஜ்" என்றாள் அனுப்பிரியா. கண்ணில் நீர் முட்டியது. "நான்தானுங்க எடுத்துட்டு வந்தேன். வெட்ட மனசு வரலீங்க."

"எனக்கும் வந்துருக்காது" என்றான் அவன். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அழுகாதீக. மொதல்ல அவிநாசிக்குப் போயி அந்தப் பனியன வாங்குங்க. கதிர்கிட்ட மண்டபத்துப் பேர நான் கேட்டு அனுப்புறேன். பதிலுக்கு அந்தப் பெரியவருக்கு நல்ல சட்டையா எடுத்துக் குடுங்க. கல்யாணத்துல வெறும் மேலோட நிக்க வச்சுறாதீக."

ராக்கையா இத்தனை நேரம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கமெண்டுகள் வேகமாக ஓடியதில் அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் மகனைக் கேட்டார். "ஏலே, நம்மாளு செத்துட்டதா எவனோ எழுதியிருந்தானே, நெசமா?"

ராஜ்கமல் அவர் பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னான். "பொய்ப்பா. டூப்ளிகேட்டு."

"அப்பப் பொழச்சுக்கிருவான்ல?"

"பொழச்சுக்கிருவான்."

ராக்கையா திருப்தியாகத் தொடையைத் தட்டினார். "நாந்தான் சொன்னேன்ல. காது போனா என்ன, ஆளு இருக்கான்ல? வெள்ளிக்கெழம மூணு பேருமா ஒக்காந்து பாப்போம். இந்தப் புள்ளையையும் வரச் சொல்லு." சொல்லிவிட்டு டீ கேட்டு வரச் சமையல் பக்கம் போனார்.

அனுப்பிரியா ஸ்கூட்டிச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றாள். போகவேண்டும், நேரமாகிறது, பந்தி முடிந்துவிடும்.

"நான் எப்படீங்க வர்றது?" என்றாள். "அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியாதுங்க."

"கண்டிப்பா வாங்க" என்றான் ராஜ்கமல். "அப்பாவுக்குப் பக்கத்துல நீங்கதான் ஒக்காரணும். என்னால முடியாது."